கரும்பலகையும் கைபேசியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

கல்வி ஒரு காலத்தில் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் இருந்தது. பின்னர் ஓலைச்சுவடிக்கு வந்தது. அதன் பின்னர் அச்சுப் புத்தகத்துக்கு வந்தது. இன்றோ உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. விரல் தொட்டால் வித்தை வரும் என்று பேசாதவர் இல்லை. வருமா? அதுவும் கணிதம் வருமா? ஒரு கணித மாணவி என்ற முறையில் இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் ஊர் ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். என் தந்தையார் திராட்சைப் பந்தல்களில் கவாத்து வேலை செய்கிறார். தாயார் அதே தோட்டங்களில் கூலி வேலைக்குச் செல்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். இங்கு வந்து ரியல் அனாலிசிஸ் புத்தகத்தைத் திறந்தபோது மொழியும் புதிது, பொருளும் புதிது. வகுப்பில் விளங்காததை வீட்டில் யாரிடம் கேட்பது? தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வழியேது? என்னைப் போன்றோர் நம் கல்லூரியில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இணையவழிப் பாடம் ஆடம்பரமன்று, இரண்டாவது ஆசிரியர்.

அந்த இரண்டாவது ஆசிரியர் எங்கே இருக்கிறார்? 2003ஆம் ஆண்டு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் கணிதப் பாடங்கள் தொடர் தொடராக உள்ளன. 2017இல் நடுவணரசின் ஸ்வயம் தளம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்தில் பயின்று மதிப்பெண் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. கடல் கடந்து பார்த்தால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை உலகுக்கு இலவசமாகத் திறந்துவிடுவதாக 2001இல் அறிவித்தது. அவற்றுள் புகழ்பெற்றது பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்பு. 1999இல் படமெடுக்கப்பட்ட அப்பாடத்தை இன்றும் மாணவர்கள் பார்க்கிறார்கள். அதில் என்ன மாயவித்தை இருக்கிறது என்று ஆவலோடு திறந்து பார்த்தேன். ஒரு கரும்பலகை, ஒரு சுண்ணக்கட்டி, ஒரு மனிதர். அவ்வளவே! நம் பேராசிரியர்கள் நாள்தோறும் செய்வதைத்தான் அவரும் செய்கிறார்.

ஆனால் கரும்பலகைக்கு இயலாத சிலவற்றைத் திரை செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. முதலாவது, அது சலிப்பதில்லை. பத்து முறை திருப்பிக் கேட்டாலும் பதினோராவது முறையும் அதே குரலில் சொல்லும். எல்லார் முன்னும் எழுந்து கேட்கக் கூச்சப்படும் மாணவிக்கு இஃது எவ்வளவு பெரிய ஆறுதல்! இரண்டாவது, அது அசையும் படம் காட்டும். ஆஸ்திரிய நாட்டு மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் உருவாக்கிய ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளில், எக்ஸின் என்-ஆம் அடுக்கைச் சுழியிலிருந்து ஒன்று வரை வரைந்து, என்-ஐ ஒன்றிலிருந்து ஐம்பது வரை நகர்த்திப் பாருங்கள். வளைகோடு தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டே போகும். ஒன்று என்னும் புள்ளியை நெருங்கியதும் செங்குத்தாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே குவிவது வேறு, முழுவதும் சீராகக் குவிவது வேறு என்பதை இரண்டு பக்க விளக்கத்தைவிட அந்த ஒரு படம் தெளிவாகக் காட்டிவிடும்.

காட்டிவிடும், ஆனால் நிரூபித்துவிடுமா? இங்குதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும்.

1, 1/2, 1/3, 1/4 என்று போகும் இசைத் தொடரை எடுத்துக்கொள்வோம். கணினியிடம் கூட்டச் சொன்னால் முதல் 100 உறுப்புகளின் கூடுதல் ஏறத்தாழ 5.19 என்று சொல்லும். பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.39தான் வரும். இதைப் பார்க்கும் எவரும், “இது எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும்” என்றே எண்ணுவர். உண்மையோ நேர்மாறானது. இத்தொடருக்கு எல்லையே இல்லை. கூடுதல் 100ஐத் தாண்ட வேண்டுமானால் 44 இலக்கங்கள் கொண்ட எண்ணளவு உறுப்புகள் வேண்டும். எந்தக் கணினியும் ஒவ்வொன்றாகக் கூட்டி அங்கே போய்ச் சேராது. ஆனால் 14ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஒரேம் என்னும் பிரெஞ்சு அறிஞர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். 1/3, 1/4 இரண்டையும் கூட்டினால் அரைக்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகளைக் கூட்டினாலும் அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போகும் தொகைக்கு எல்லை ஏது? தாளும் மையும் போதும். கண் ஏமாறிய இடத்தில் கருத்து வென்றது. இந்த நான்கு வரியைத் தானே எழுதிப் பார்த்தவனுக்குத்தான் தொடர் விளங்கும். பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு விளங்கியது போலத் தோன்றும்.

இதையே என் தந்தையார் தம் மொழியில் சொன்னார். கவாத்து செய்வதைப் பற்றியும் காணொளிகள் வந்துவிட்டன. எந்தக் கணுவில் வெட்டுவது, எத்தனை மொட்டு விடுவது என்று அழகாகக் காட்டுகிறார்கள். ஓர் இரவு அதை அவரிடம் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் சொல்றாரு தாயி. ஆனா அவரு காட்டுறது அவரு கொடிய. நம்ம கொடிய நாம தொட்டு வெட்டுனாத்தான் தெரியும்” என்றார். எண்ணிப் பார்த்தால் கணக்கும் அப்படித்தான் அன்றோ?

கணிதமேதை இராமானுசனின் வாழ்வும் இதற்குச் சான்று. அவருக்கு வாய்த்த இணையம் ஒரு புத்தகம். கார் என்பவர் தொகுத்த, ஏறத்தாழ 5,000 முடிவுகள் அடங்கிய நூல் அது. விரிவான நிரூபணங்கள் அதில் கிடையா. அதைக் கொண்டே அவர் சிகரங்களைத் தொட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த அதே மாணவர்தான் அவர்! ஆயினும் 1913 சனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏன்? புத்தகம் சொல்லும், கேட்காது. தம் கணக்கைப் பார்த்து, “இது சரி, இதற்கு நிரூபணம் எங்கே?” என்று கேட்க ஒரு மனிதர் அவருக்கும் வேண்டியிருந்தது. மேதைக்கே வேண்டியிருந்தால் நமக்கு வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. காலையில் அண்ணனோடு தோட்டத்துக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குமேல்தான் என் கைக்கு வரும். அதற்குள் அன்றைய இணைய அளவு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். 2021இல் சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணைய வசதியைத் தமிழக அரசு இலவசமாக வழங்கியது. அது நோய்த்தொற்றுக் காலம். இன்று அவரவர் பாடு அவரவருக்கு. எனவே, “வீட்டில் காணொளியைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லும்போது, வகுப்பில் பாதிப் பேருக்கு அது எட்டுமா என்பதையும் பேராசிரியப் பெருமக்கள் அன்புகூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

என்ன செய்யலாம்? வாரம் ஒரு மணி நேரம் நல்லதொரு பாடக் காணொளியை வகுப்பிலேயே திரையிடலாம். பாதியில் நிறுத்தி, “அடுத்த வரி என்ன?” என்று ஆசிரியர் கேட்கட்டும், நாங்கள் எழுதிய பிறகு ஓடட்டும். அப்போது திரைக்கும் காது முளைக்கும். இணையம் இல்லாதோருக்காகக் கட்டணமின்றிப் பகிர இசைவுள்ள பாடங்களைத் துறைக் கணினியில் பதிவிறக்கி வைக்கலாம். முன்னாளில் கல்லூரிக் கணிதத்துக்குத் தமிழில் பாடநூல்கள் வெளிவந்தன. அத்தகைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடி, அவற்றின் கலைச்சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் அருகருகே எழுதி, பாடவாரியாக ஒரு குறிப்பேடு நாமே தயாரிக்கலாம். தமிழ்வழியில் படித்து வரும் முதலாண்டு மாணவருக்கு அது கைவிளக்காகும்.

நண்பர்களே! கருவி நம்மிடம் வந்துவிட்டது, உழவு நம்முடையது. அடுத்த ஆண்டு இம்மலர் விரியும்போது அப்படியொரு குறிப்பேடு நம் துறை நூலகத்தில் இருக்குமானால், இக்கட்டுரை எழுதிய பயனைப் பெற்றவளாவேன். முதல் பத்துச் சொற்களை நான் எழுதி வைத்திருக்கிறேன். பதினோராவது சொல்லை யார் எழுதப் போகிறீர்கள்?