ஐம்பதாயிரத்துக்குள் ஒரு பெட்டி

கேம் ஆடவும் வேண்டும், வீட்டு வேலைக்கும் ஆக வேண்டும், 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது மானிட்டரை. பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பிறகுதான். 24 அங்குலம், 1920-க்கு 1080 என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். 1440பி மானிட்டர் வாங்கினால் அதுவே 37 லட்சத்தை நெருங்கும். அத்தனை புள்ளிகளுக்கும் வண்ணம் போடக் கார்டுக்குப் பலம் வேண்டும், பலத்துக்குப் பணம் வேண்டும். மானிட்டரில் ஆசைப்பட்டவர் அந்தக் கடனை நான்கைந்து வருஷம் கார்டில் அடைத்துக்கொண்டே இருப்பார்.

*

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு. அவன் பட்டியல்: வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5. அத்தானுக்கு எக்செல், வருமான வரி, ரயில் டிக்கெட். அக்காவுக்கு யூடியூப், பிறகு அவள் எழுதிக்கொண்டிருக்கும் சமையல் குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்ய ஒரு இடம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. 2020-இல் வந்த வாலரண்ட், சாதாரணக் கணினியிலும் ஓட வேண்டும் என்றே செய்யப்பட்டது. ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015-இல். ஆள் பழசு, ஆனால் இடம் மட்டும் 100 ஜிபிக்கு மேல் கேட்கும். மூன்றில் கொஞ்சம் முரண்டு பிடிப்பது கவுண்டர் ஸ்ட்ரைக்தான். 'சைபர்பங்க்' என்று ஆரம்பித்திருந்தால் பேச்சே வேறு.

*

"லேப்டாப்பே வாங்கிடலாமே மாமா?"

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவனுக்கு லேப்டாப். வீட்டு மேஜையை விட்டு நகராதவனுக்கு எதற்கு? ஆர்டிஎக்ஸ் 3050 என்று இரண்டிலும் ஒரே பெயர்தான் போட்டிருப்பார்கள். 2022-இல் வந்த மேஜைக் கணினி 3050-க்கு 8 ஜிபி நினைவகம், 130 வாட் வரை மின்சாரம். லேப்டாப் 3050-இல் பெரும்பாலும் 4 ஜிபிதான். மின்சாரமும் 35 முதல் 80 வாட்டுக்குள், எவ்வளவு தருவது என்பது தயாரிப்பவர் இஷ்டம். சென்னை மே மாதத்தில் அந்த மெல்லிய உடம்பு எப்படிக் கொதிக்கும் என்பதைத் தொடையில் வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

*

ரிச்சி ஸ்ட்ரீட். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கும் அத்தனையும் பொதுப்பேச்சில் ரிச்சி ஸ்ட்ரீட்தான். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் பூட்டுகளைத்தான் பார்க்கலாம்.

கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஏழு நிறத்தில் சுழலும் விசிறிகள், மேலே ஒட்டிய காகிதத்தில் "ஐ7 கேமிங் பிசி". விலையைக் கேட்டால் யாருக்கும் கை நீளும்.

"எந்த ஜெனரேஷன்ங்க?"

"ஐ7 சார். டாப் மாடல்."

"அது சரி, நம்பர்?"

"எல்லா கேமும் ஓடும் சார், நீங்க கவலையே படாதீங்க."

கடைசியில் மானிட்டரை ஆன் செய்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஐ7-2600. இன்டெல் அதை விட்டது 2011 ஜனவரியில். நான்கு கோர், எட்டுத் த்ரெட். 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் ஒரு கோர் செய்யும் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'ஐ' பக்கத்தில் இருக்கும் 3, 5, 7 என்பது அந்தந்த வருஷத்து வகுப்புக்குள் வாங்கிய ரேங்க் மட்டுமே. கோடு போட்ட பிறகு வரும் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்தால் தலைமுறை தெரிந்துவிடும். 2600 என்றால் இரண்டு, 8500 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். கடையில் அந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்து 11-ஐப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். பையன் வீட்டுக்கு வந்து வாலரண்டைத் தொடுவான். அதன் காவல்காரன் வான்கார்டு, விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

*

பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து. 12100எஃப், 12400எஃப். உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கார்டு இல்லாமல் வாங்கினால் திரையில் ஒன்றும் வராது.

*

இந்த வீட்டுக்கு என் மனதில் இருந்தது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். வாலரண்ட் குறைந்த செட்டிங்கில் நூறு ஃபிரேமைத் தாராளமாகத் தாண்டும். ஜிடிஏ 5 நார்மலில் அறுபதை ஒட்டி ஓடும்.

ஒரு நிபந்தனை. ராம் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் "16 ஜிபி ராம்" என்று ஒரே வரியில் இருந்தது. கேட்டால் ஒற்றைக் குச்சி. "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் சார், ஸ்லாட் ஃப்ரீயா இருக்கும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை. தனியாகக் கார்டு போட்ட கணினியாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். கார்டுக்கென்று சொந்த நினைவகம் உண்டு. உள்ளடங்கிய கிராபிக்ஸுக்கு அது கிடையாது, பிராசஸரோடு சேர்ந்து ராமிலிருந்துதான் அள்ளிக்கொள்ள வேண்டும். டிடிஆர்4 3200 குச்சி ஒன்று விநாடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு குச்சி இரண்டு சேனலில் 51.2. ஒற்றைக் குச்சியோடு ஓட்டினால் பல கேம்களில் கால் பங்கு வேகம் போய்விடும், சிலவற்றில் அதற்கும் மேல். அதே 16 ஜிபி, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை, எட்டும் எட்டுமாக எழுதச் சொன்னால் போதும். கொட்டேஷனில் "8x2" என்று எழுதி வாங்கினேன்.

5600ஜி-யின் குறையையும் எழுதிவைக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே பெயருள்ள 5600-க்கு எல்3 கேஷ் 32 எம்பி, இதற்குப் பாதி, 16. கார்டைப் பிராசஸரோடு இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸும் ஒரு தலைமுறை பின்னால், 3.0. நாளைக்குக் கார்டு போடும்போது 5600 அளவுக்கு இது இழுக்காது. நான்கு லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரிக் கார்டு இதனோடு சேரவே சேராது. ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டு லேன், நஷ்டம் சொற்பம்.

*

எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதி. பட்ஜெட் குறையும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். கேபினெட்டோடு சேர்த்தே வரும், "450 வாட்" என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அந்தப் பெரிய எழுத்தைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். நான் தூக்கிப் பார்த்த ஒன்றில் 14ஏ. பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மிச்ச 282 வாட் காகிதத்தில் இருக்கிறது. தூக்கிப் பார்த்தாலே தெரியும், காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

நல்ல எஸ்எம்பிஎஸ் கனமாக இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று, உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர். கரண்ட் அறுந்த பிறகும் 16 மில்லி செகண்ட் போல அது தம் கட்டித் தாங்கும். நம் ஊரில் இந்த 16 முக்கியம். வீட்டு இன்வெர்ட்டரின் முதுகில் சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும், ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் ஈகோ. யூபிஎஸ் பக்கம் தள்ளியிருந்தால் பேட்டரிக்கு மாற ஏறக்குறைய 10 மில்லி செகண்ட், கணினிக்குத் தெரியவே தெரியாது. ஈகோவில் இருந்தால் அதைவிட நேரமாகும், அதற்குள் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும். அக்கா வீட்டில் போய்ப் பார்த்தேன். ஈகோவில் இருந்தது, மேலே ஒட்டடை. தனியாக யூபிஎஸ் வாங்கும் செலவு ஒரு விரல் தள்ளலில் மிச்சம். ஆனால் மின்விசிறி உறுமும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இந்த யோசனை செல்லாது, நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில அதனோடு ஒத்துப்போவதில்லை.

*

கரண்ட் பில். அத்தான் கேட்ட ஒரே கேள்வி. நியாயமான கேள்வியும் கூட.

கார்டு போட்ட பெட்டி மானிட்டரோடு சேர்த்து 250 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினமும் ஆடினால் இரண்டு மாதக் கணக்கில் 60. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 வரை குறைந்த விலை ஒன்று உண்டு, தாண்டினால் அது போய்விடும், 101-இலிருந்தே மேல் விலை. 450-இல் நிற்கும் வீட்டை இந்த 60 தள்ளிவிட்டுவிடும். கார்டில்லாத 5600ஜி பெட்டி மானிட்டரோடு 100 வாட் என்றால் 24 யூனிட்தான். அத்தான் தலையாட்டினார். ஏசியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

*

மலிவுக்கு இன்னொரு வழி. ஐடி கம்பெனிகள் லீஸ் முடித்துக் கழித்துவிடும் டெல், ஹெச்பி, லெனோவா அலுவலகப் பெட்டிகள். ஐ5-8500 உள்ளது கிடைத்தால் வாங்கலாம், 2018 மாடல், ஆறு கோர், விண்டோஸ் 11-க்கும் தகுதி உண்டு. ஐ5-6500, 7500 விலையில் ஆசை காட்டும், ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே. உள்ளே எஸ்எம்பிஎஸ் கம்பெனிக்கென்றே செய்த வடிவம், மாற்றுவது தலைவலி. ஒல்லிப் பெட்டியாக இருந்தால் குள்ளக் கார்டுதான் நுழையும். தனி மின்கம்பி கேட்காத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி அதற்குச் சரி. கேமே வேண்டாம், அத்தான் வேலை மட்டும் என்றிருந்தால் இதையே வாங்கியிருப்பேன், கார்டும் இல்லாமல்.

*

செகண்ட் ஹேண்ட் கார்டு: கார்டுகளை வைத்து நடந்த எத்தீரியம் கிரிப்டோ மைனிங் 2022 செப்டம்பரில் நின்றுபோனதும் சந்தைக்கு வந்து குவிந்தவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்க வேண்டியது வேஷம் போட்டவற்றை. பழைய ஜிடிஎஸ் 450-இன் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச நிரல் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதே என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

*

2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றம் எல்லாக் கணக்கையும் குலைத்துவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, வீட்டுக்காரர்களுக்கு மிச்சம் மீதிதான். க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ராம் விற்ற மைக்ரான், அந்தக் கடையையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. கொட்டேஷனில் "இன்று மட்டும்" என்று எழுதுவது முன்பெல்லாம் வியாபாரத் தந்திரம். இப்போது உண்மை.

இதனால் எஸ்எஸ்டியை 1 டிபியிலிருந்து 500 ஜிபிக்கு இறக்கினோம். கண்ணாடிப் பக்கமும் கலர் விசிறியும் போய், முன்பக்கம் முழுக்க வலை போட்ட கேபினெட் வந்தது. பையன் முகம் தொங்கிவிட்டது.

"பில் இல்லாம எடுத்தா 18 பர்சென்ட் கம்மி பண்றேன் சார்."

வேண்டாம் என்றேன். வாரண்டிக்கு நாளை அலையும்போது அந்தத் தாள்தான் பேசும். ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும், ராம் உட்பட.

*

வீட்டுக்கு வந்த பின் பார்த்தவை. பயாஸில் ராம் 2400-இல் படுத்துக்கிடந்தது. எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் 3200. மானிட்டர் 100 ஹெர்ட்ஸ், விண்டோஸ் அதை 60-இலேயே வைத்திருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் மாற்றினேன். அக்காவுக்குத் தமிழ்99 விசைப்பலகையை விண்டோஸிலேயே சேர்த்துக் கொடுத்தாயிற்று.

*

கார்டு எப்போது என்பதில்தான் இழுபறி. இடம் விட்டாயிற்று, எஸ்எம்பிஎஸ் 550 வாட், பட்டியலில் ஆர்எக்ஸ் 6600. பையன் தீபாவளி என்றான். அத்தான் பார்க்கலாம் என்றார். அக்கா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும்."