உராய்வு இங்கே நண்பன், அங்கே எமன்!

ஜிம்முல கெட்டில்பெல் வீசுற பார்ட்டியா பாஸ் நீங்க? அப்படின்னா உங்களை முதல்ல கைவிடுறது தோளும் இல்லை, தொடையும் இல்லை... விரல்தான்! உடம்பு 'இன்னும் பத்து'ன்னு கேட்கும்போதே, விரல் 'போதும்டா சாமி'ன்னு கழண்டுக்கும். இந்தக் கைப்பிடி மேட்டரை யோசிக்க ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க.

சாத்தூர்ல இறங்குங்க. காரச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கிட்டு ஏழாயிரம்பண்ணை பக்கம் பஸ் ஏறினா, ரெண்டு பக்கமும் கரிசல் மண், சீமைக்கருவேலம். நடுநடுவே வேலிக்குள்ளே தள்ளித் தள்ளிக் கட்டின குட்டி அறைகள். பட்டாசு ஆலைகள்! ஒண்ணு வெடிச்சா அடுத்ததுக்குப் பரவக் கூடாதுன்னுதான் அந்த இடைவெளி. வெம்பக்கோட்டை வட்டாரத்து அச்சங்குளமும் இந்தப் பட்டாசு பூமியில்தான் இருக்கு.

இங்கே எல்லாம் கைவேலை. காகிதக் குழாய் சுத்துற கை, திரி வைக்கிற கை, பெட்டி அடுக்குற கை. இதுல ரொம்ப ஆபத்தானது மருந்து கலக்குற கை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர்னு கலக்கும்போது அழுத்தித் தேய்ச்சா போச்சு. இரும்புக் கருவிக்கு அனுமதி இல்லை. நிலைமின்சாரம் இறங்குறதுக்காக, உள்ளே போறதுக்கு முன்னாடி செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போகணும். அதிகாலைக் குளிர்ச்சியிலேயே கலவை வேலையை முடிச்சுடுறது வழக்கம். நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்ல படிச்ச உராய்வுதான் இங்கே எமன்.

2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளம் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. ஃபேன்ஸி ரகப் பட்டாசுக்கு மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வுதான் காரணம்னு அப்போ செய்திகள் வந்துச்சு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரணைக் குழுவே அமைச்சது.

இப்போ ஜிம்முக்குத் திரும்புவோம். அங்கே நமக்கு உராய்வுதான் உயிர் நண்பன். வியர்வையில வழுக்காம இருக்கப் பூசுற வெள்ளைப் பவுடர், மெக்னீசியம் கார்பனேட். 16 கிலோ குண்டை வீசும்போது, அது கீழே வர்ற நொடியில விரல் தாங்குறது 16 கிலோவைவிட ரொம்ப அதிகம். வட்ட இயக்கம் பாஸ், மறந்துடாதீங்க!

பிடி பலமாக என்ன செய்யலாம்? கைப்பிடியை உள்ளங்கை நடுவுல வைக்காதீங்க. விரல்களோட அடிப்பக்கத்துல கொக்கி மாதிரி மாட்டுங்க. வீச்சு முழுக்க இறுக்கிப் பிசையாதீங்க, முழங்கைக்குக் கீழே சீக்கிரம் சோர்ந்துடும். ஜிம் இல்லாத நாள்ல ரெண்டு கையிலயும் தண்ணி வாளியோட ஹாஸ்டல் வராண்டாவுல நடங்க. கம்பியில துண்டைப் போட்டுத் தொங்குங்க. வாளி நிறைய மணலுக்குள்ள கையை விட்டு விரல்களை விரிங்க. மூடுற தசைக்கு மட்டும் வேலை கொடுத்து, விரிக்கிற தசையை மறந்தா முழங்கை வலி வரலாம். காய்ப்பு ஏறினா குளிச்ச பிறகு பியூமிஸ் கல்லால தேய்ச்சு மட்டமாக்குங்க. இல்லாட்டி ஒருநாள் தோலோட பிய்ஞ்சு வந்துடும்.

பிடியே இல்லாத எடை பார்க்கணுமா? பொங்கல் சமயத்துல திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளைக்குப் போங்க. உருண்டையான இளவட்டக்கல்லைத் தூக்கித் தோள்ல ஏத்துற போட்டி நடக்கும். பெண்களும் கலந்துக்கிறாங்க. கைப்பிடி கிடையாது, பவுடர் கிடையாது. விரலை விரிச்சு, கல்லை நெஞ்சோட அணைச்சுத்தான் தூக்கணும். அந்தக் காலத்துல இதைத் தூக்கினாத்தான் பொண்ணுன்னு சொல்வாங்களாம்!

ஒரு வித்தியாசம் மட்டும் யோசிங்க. நம்ம விரல் நழுவினா குண்டு தரையில விழும், காலை நகர்த்திக்கலாம். அச்சங்குளத்துக் கைக்கு அந்தச் சலுகை இல்லை. அது எவ்வளவு பழகின கையா இருந்தாலும், ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்துங்கிற விதியை ஆலை மதிச்சாத்தான் சாயங்காலம் பத்திரமா வீடு திரும்பும். கெமிக்கல், மெக்கானிக்கல் படிக்கிற மக்களே... மனுஷக் கை படாம மருந்து கலக்குற, சின்ன ஆலைக்கும் கட்டுபடியாகுற ஒரு மெஷின்... ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா?