தள்ளி உட்காரு!

"டிவிக்கு அவ்வளவு கிட்டப் போகாதே, கண்ணு கெட்டுடும்!" இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் நம் பாலிடெக்னிக்கில் யாராவது உண்டா? சரி, எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும்? ஆறடியா, பத்தடியா? அதை மட்டும் யாரும் சொன்னதில்லை. நண்பர்களே, முதலாம் ஆண்டு டிரிக்னாமெட்ரி போதும், நாமே கண்டுபிடித்துவிடலாம்.

நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் பிரித்துப் பார்க்கும். அதற்கும் நெருக்கமான இரண்டு கோடுகள் ஒன்றாகத்தான் தெரியும். இந்தக் கோணத்தின் டேன் மதிப்பு ஏறக்குறைய 1/3438. ஆகவே 3438-ஐப் படத்தில் உள்ள கோடுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். திரையின் உயரத்தைப்போல் எத்தனை மடங்கு தள்ளி உட்காரலாம் என்பது வந்துவிடும்.

பழைய தூர்தர்ஷன் படத்துக்கு 625 கோடுகள். கண்ணுக்குத் தெரிந்தவை 576. வகுத்தால் 6 மடங்கு. 21 இன்ச் பெட்டியின் திரை உயரம் சுமார் 32 செ.மீ. என்றால், ஆறடிக்குச் சற்று மேல். அதற்குள் போனால் படம் கோடு கோடாகத் தெரியும். ஆக, வீட்டில் சொன்ன தூரம் சரிதான், காரணம்தான் வேறு!

இன்றைய ஃபுல் எச்.டி.யில் 1080 கோடுகள். மூன்று மடங்கு போதும். 43 இன்ச் டிவியின் உயரம் சுமார் 53 செ.மீ., எனவே ஐந்தரை அடி. அதுவே 4கே என்றால் 2160 கோடுகள். மூன்றடிக்குள் வந்தால்தான் முழு நுணுக்கமும் தெரியும். பத்தடி தள்ளி சோபா போட்டிருப்பவருக்கு, கூடுதல் கோடுகளுக்குக் கொடுத்த காசு கண்ணுக்கு வந்து சேரவே இல்லை! கடைக்குப் போகும் முன் வீட்டு ஹாலை டேப் வைத்து அளப்பது நல்லது.

கம்ப்யூட்டர் மானிட்டருக்கு எழுத்துதான் முக்கியம். கையை நீட்டினால் தொடும் தூரம், மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போகாமல் இருந்தால் சரி. நடுநடுவே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்.

கண் கெடும் என்ற பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1967-ல் அமெரிக்காவில் சில கலர் டிவிக்களிலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ்ரே கசிவது தெரியவந்தது. 1968-ல் அங்கே அதற்கென்று சட்டமே வந்தது. இன்றைய எல்.இ.டி. டிவியில் பிக்சர் டியூபும் இல்லை, அதற்குக் கொடுத்த இருபதாயிரம் வோல்ட்டும் இல்லை. ரொம்பக் கிட்டப் பார்த்தால் கண் சோர்ந்துபோகும், அவ்வளவுதான்.

ஆனால் கிட்டப் போகிறவர்களை இன்னொரு கண்ணோடும் பார்க்க வேண்டும். என் தங்கை ஐந்தாவது படிக்கும்போது டிவிக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்வாள். வீட்டில் தினமும் திட்டு. பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தபோதுதான் அவளுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. டிவி பார்த்துக் கண் கெடவில்லை. கண் சரியாகத் தெரியாததால்தான் டிவிக்குக் கிட்டப் போயிருக்கிறாள்! கரும்பலகை எத்தனை மாதமாகத் தெரியவில்லையோ, குழந்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறாள்.

நம் ஹாஸ்டல் டிவி ரூமிலும் "ஸ்கோர் எவ்வளவுடா?" என்று ஓவருக்கு ஒரு தடவை கேட்கும் நண்பன் இருப்பான். பக்கத்தில் உள்ளவனுக்குத் தெரிகிற ஸ்கோர் அவனுக்குத் தெரியவில்லையா? கிண்டல் பண்ணாமல் ஒருநாள் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வர்க்‌ஷாப்பில் லேத்துக்கும் பவர் சப்ளைக்கும் முன்னால் நிற்கப்போகிற கண்கள் அவை.