வரையாமல் விட்ட பனி

உவேனோ ரயில் நிலையத்தின் பூங்கா வாசலிலிருந்து டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் பத்து நிமிட நடை. ஜனவரிக் குளிரில் காது மடல் எரிந்தது. சீட்டுக்கு 1,000 யென் கொடுத்தேன். நேராக மாடியில் இரண்டாம் அறைக்குப் போனேன். ஓவியர் ஹசெகாவா டோஹாக்குவின் (1539–1610) பைன் மரத் திரைகளைப் பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டிக் கொஞ்ச நாள்தான் வெளியே வைப்பார்கள்.

மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால் மடிப்புத் திரைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஆறு மடிப்பு. உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், அகலம் மூன்றரை மீட்டர். நாலைந்து அடி தள்ளி நின்றபோது பனிக்குள்ளிருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அந்தப் பனியை எப்படித் தீட்டியிருப்பார் என்று பார்க்கத்தான் கண்ணாடியருகே போனேன்.

பனியே இல்லை! அங்கே இருப்பது வெறும் காகிதம். மரங்களும் மென்மையானவை அல்ல. அருகில் வந்தால் இலை என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. விறைத்த தூரிகையால் படபடவென்று இழுத்த கரிய கீறல்கள், பழைய துடைப்பத்தால் அடித்தது போல. பக்கத்திலேயே நிறைய நீர் கலந்த மையில் இன்னொரு மரம். உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வெளிறிய மரம் எங்கோ பின்னால் நிற்கிறது. பல மரங்களின் அடி தரையைத் தொடுவதில்லை. நடுவில் மை நின்றுவிடுகிறது, மிச்சத்தைக் கண்ணே பனியில் மறைத்துக்கொள்கிறது.

ஜப்பானிய வீடுகளில் இத்தகைய திரைகளைத் தரையில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். நானும் குந்தி உட்கார்ந்தேன். மரங்கள் சட்டென்று உயர்ந்தன. திரை மடிந்து மடிந்து நிற்பதால் ஒரு மடிப்பு என்னை நோக்கி வருகிறது, அடுத்தது விலகுகிறது. மையின் ஆழத்தோடு இந்த ஆழமும் சேர்ந்துகொள்கிறது. அச்சிட்ட படங்களில் தட்டையாகப் பார்த்தவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. இரு திரைகளும் சந்திக்கும் பக்கம், மேலே, வெளிறிய ஒரு பனிமலை. நின்று பார்த்தபோது அதைக் கவனிக்கவே இல்லை.

1593இல் மகன் கியூசோ இறந்த துயரத்தில் டோஹாக்கு இதை வரைந்தார் என்பார்கள். ஆனால் திரையில் தேதி எதுவும் இல்லை. காகித ஒட்டுகள் சரியாகப் பொருந்தாததால் இது வெறும் முன்வரைவு என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஒட்டுகளைத் தேடிப் பார்த்தேன், சில இடங்களில் தெரிகின்றன. நான்கடி பின்வாங்கியதும் அவற்றையும் பனி மூடிவிட்டது.