த்ராட்டிலுக்கும் உண்டு தொடக்க இருப்பு!

தர்மபுரியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் இருக்கிறது வத்தல்மலை. காபியும் மிளகும் விளைகிற மலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம். ஏறிப் போக இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு, ஊட்டி மாதிரி கூட்டம் இருக்காது என்பதால், லீவு நாள் வந்தால் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவர்கள் நிறைய.

அப்படிக் கிளம்புகிறவர்களில் பலர் முதல் நாள் மாலை வண்டியை மெக்கானிக் ஷெட்டில் விட்டு, "மலைக்குப் போறோம், எல்லாம் ஒரு தடவ பாத்துடுங்கண்ணா" என்பார்கள். அவரும் ஆயில் பார்ப்பார், பிரேக் பார்ப்பார், கூடவே த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டிவிடுவார். நல்ல வேலைதான். ஆனால் ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் உறுமுகிறது! 750 சுற்றில் நிற்க வேண்டிய முள் 1300, 1500 என்று காட்டுகிறது. "நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டாரே!" என்று திட்டு விழுவது பாவம், மெக்கானிக்குக்கு.

உண்மையில் என்ன நடந்தது?

த்ராட்டில் பாடி என்பது இஞ்சின் மூச்சுவிடும் வாசல். அதற்குள் நாணயம் மாதிரி வட்டமான ஒரு தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும், காற்று உள்ளே போகும். காலை எடுத்தாலும் அது முழுதாக மூடிக்கொள்வதில்லை. இஞ்சின் அணையாமல் ஓட ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில்தான் நாளாக ஆக எண்ணெய்ப் புகையும் கரியும் படிகின்றன.

கரி படிந்தால் காற்று குறையும். உடனே இஞ்சின் கம்ப்யூட்டர் (மெக்கானிக்குகள் பாஷையில் ஈசிஎம்) தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறது. இன்னும் கரி, இன்னும் கொஞ்சம் திறப்பு. அந்தக் கூடுதல் கணக்கைத் தன் நினைவில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை சாவி போட்டதும் அங்கிருந்தே தொடங்குகிறது.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சென்ற ஆண்டின் இறுதி இருப்புதான் இந்த ஆண்டின் தொடக்க இருப்பு. குடோனைச் சுத்தம் செய்து பழைய சரக்கை வெளியே வீசியாயிற்று. பேரேட்டில் மட்டும் பழைய இருப்பு அப்படியே நிற்கிறது. கணக்கு எப்படி ஒத்துப்போகும்? கரி போய்விட்டது, கரிக்காக எழுதிய கூடுதல் திறப்பு போகவில்லை. அதனால் காற்று அதிகம் போகிறது, சுற்று ஏறுகிறது. பாகம் சுத்தம், பேரேட்டில்தான் பிழை. தேவை ஒரு பிழைத்திருத்தப் பதிவு.

கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு ஸ்க்ரூ, ஒரு ஸ்க்ரூடிரைவர், மெக்கானிக்கின் காது. மூன்றும் சேர்ந்தால் ஐடிலிங் சரியாகிவிடும். புகை விதிகள் இறுக இறுக (2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6) ஸ்க்ரூ இருந்த இடத்துக்குக் கம்ப்யூட்டரின் நினைவு வந்துவிட்டது. ஸ்க்ரூவைக் கண்ணால் பார்க்கலாம். நினைவைப் பார்க்க முடியுமா?

சரி, திருத்துவது எப்படி? மூன்று வழிகள்.

முதல் வழி, ஓட்டிச் சரிசெய்வது. பல கார்கள் கொஞ்ச நேரம் நின்று ஓடி, கொஞ்ச தூரம் போனதும் புதிய கணக்கைத் தாங்களே கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, கம்பெனிக் கையேடு சொல்லும் முறை. அது மாடலுக்கு மாடல் மாறும். நிசான் கார்கள் பலவற்றில் சாவியை ஆன் செய்து, ஆக்சிலேட்டரைக் கணக்கான வினாடிகளுக்குள் ஐந்து முறை மிதித்து விட்டு, பிறகு அழுத்திப் பிடித்து, இஞ்சின் விளக்கைப் பார்த்துக் காலை எடுக்க வேண்டும். அதற்கு முன்பே இஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஏசி, ஹெட்லைட் அணைந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். வேறு சில கார்களில் ஸ்கேனர் மாட்டினால்தான் வேலை நடக்கும். ஒரு காரின் முறையை இன்னொரு காரில் செய்து பார்ப்பது வீண்.

மூன்றாவது, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது. சில கார்களில் பலிக்கும். சிலவற்றில் நினைவு அழியவே அழியாது. அழிந்தாலும் பெட்ரோல் அளவு பற்றிக் கற்றிருந்த மற்ற பாடங்களும் சேர்ந்தே போகும். ஒரு பதிவு தவறு என்பதற்காகப் பேரேட்டையே கொளுத்துவது போலத்தான்!

இதில் மலைக்கு என்ன தனிக் கவனம் என்று கேட்கலாம். சமவெளியில் ஐடிலிங் ஏறினால் பெட்ரோல் வீண், காதுக்கு எரிச்சல், அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவில் அப்படியில்லை. இறங்கும்போது காலை எடுத்தாலும் இஞ்சின் எதிர்பார்த்த அளவு பிடித்து நிறுத்தாது. வண்டி தள்ளிக்கொண்டே போகும். பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டிவரும். அது சூடேறினால் பிடிமானம் குறையும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். நினைவை அழித்துவிட்டுக் கற்றுக்கொடுக்காமல் போனால், வளைவில் கிளட்ச்சை மிதித்ததும் இஞ்சின் அணையலாம். ஸ்டீயரிங் கனத்துவிடும். சேர்ந்திருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். பின் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஆகவே மலைக்குப் போவதற்கு முதல் நாள் த்ராட்டிலைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒரு வாரம் முன்பே செய்து, சமவெளியில் நாலு நாள் ஓட்டி, ஏசி போட்டும் அணைத்தும், சிக்னலில் நிறுத்தியும் பார்த்துவிட வேண்டும். முள் ஒரே இடத்தில் நின்றால் மலை ஏறலாம். துடைத்தும் கற்றுக்கொடுத்தும் சுற்று இறங்கவில்லையா? எங்காவது காற்று கசிகிறதா, மாட்டும்போது கேஸ்கெட் நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

மெக்கானிக்குக்கும் ஒரு நியாயம் உண்டு. துடைப்பதற்குக் கால் மணி நேரம், கற்றுக்கொடுப்பதற்கு இன்னொரு கால் மணி நேரம். பின்னதற்குக் கூலி கேட்டால் "சும்மா உக்காந்திருந்ததுக்கா?" என்று பேரம் பேசுகிறோம். வண்டியை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, லேர்னிங் பண்ணிட்டீங்களா?" அதற்குக் கொடுக்கிற காசை எந்தக் கணக்கில் எழுதினாலும் நட்டக் கணக்கில் எழுத வேண்டியிருக்காது.