ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம்

கல்யாண வீடியோக்காரர்கள் வேகம் வேண்டும் என்று துடிப்பது பெண் வீட்டாருக்காக அல்ல. அவர்கள் ஆல்பத்துக்குத்தான் அவசரப்படுவார்கள்; வீடியோ ஒரு மாதம் கழித்து வந்தாலும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் நெருக்கி வரும்போது இன்னும் இரண்டு புக்கிங் பிடிக்க வேண்டும். முந்தைய கல்யாணத்தின் மிக்சிங் முடிந்தால்தான் கம்ப்யூட்டர் காலியாகும். டேப் கேமராவை விட்டுக் கார்டு கேமராவுக்கு மாற நான் ஆசைப்பட்டது இந்தப் பணக் கணக்கில்தான். கலை, தரம் என்றெல்லாம் அப்போது நண்பர்களிடம் பேசியது பாதி பொய்.

மினிடிவி கேசட் 1995இல் வந்தது. ஒரு கேசட்டில் 60 நிமிடம். ஃபயர்வயர் கேபிள் மாட்டி கேப்சர் கொடுத்தால், அந்த 60 நிமிடமும் ஓடித்தான் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். ஏறக்குறைய 13 ஜிபி. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று அரை டஜன் கேசட் சேர்ந்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அதற்குள் யாராவது மவுஸைத் தொட்டு வேறு எதையாவது திறந்தால் ஃப்ரேம் விட்டுப்போகும், அந்த இடத்துக்கு டேப்பைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பெரிய கேமராவின் ஹெட் தேயக்கூடாது என்று, கேப்சருக்கு மட்டும் ஒரு சின்ன ஹேண்டிகேம் வைத்திருந்தோம். சிக்கனமாக எல்பி மோடில் 90 நிமிடம் எடுத்த டேப்பை அதில் போட்டால் படம் சதுரம் சதுரமாகச் சிதறும்.

சோனியும் பானசோனிக்கும் 2006இல் ஏவிசிஎச்டி முறையை அறிவித்தன. சில வருடங்களில் அந்த முறையில் கார்டில் பதியும் கேமராக்கள் எங்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன. ஒரு மணி நேரப் பதிவு பத்து நிமிடத்தில் காப்பி ஆகிறது. ஹார்ட் டிஸ்கிலும் குறைவான இடம்தான் பிடிக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

டைம்லைனில் போட்டு ஓடவிட்டதும் தெரிந்தது. தாலி கட்டும் கை பாதியில் நின்று, ஒரு நொடி யோசித்து, பிறகு நகர்ந்தது. “அண்ணே, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு” என்றான் பையன். ஹேங் ஆகவில்லை, திணறிக்கொண்டிருந்தது. மினிடிவியில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி முழுப் படம். எந்த இடத்தில் வெட்டினாலும் கம்ப்யூட்டருக்குச் சிரமமில்லை. ஏவிசிஎச்டியில் எப்போதாவது ஒரு முழுப் படம், அடுத்து வருவதெல்லாம் பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பு மட்டும். மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரி: நடுவில் ஒரு தேதியின் பாக்கி தெரிய வேண்டுமானால் மேலேயிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். கோர் 2 டுவோ கம்ப்யூட்டர் அந்தக் கூட்டலை நொடிக்கு 25 முறை போட முடியாமல் முழி பிதுங்கியது.

வழி இருந்தது. எடியஸ் எடிட்டிங் சாஃப்ட்வேரில், மறுபடி ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருக்கும் எச்க்யூ ஃபைலாக மாற்றிக்கொள்வோம். ஃபைனல் கட் வைத்திருந்தவர்கள் புரோரெஸ்ஸாக மாற்றினார்கள். கார்டில் 11 ஜிபிக்குள் அடங்கிய ஒரு மணி நேரம் புரோரெஸ்ஸில் 55 ஜிபி வரை வீங்கும். மாற்றுவதற்கோ கேப்சரைவிட அதிக நேரம். ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம் என்பது ஒன்றுதான் லாபம், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால்.

நான் எதிர்பார்க்காத நஷ்டம் வேறு. கேப்சர் ஓடும்போது டீயைக் குடித்துக்கொண்டே முழுவதையும் பார்த்துவிடுவேன். பெண்ணின் பாட்டி கண்ணைத் துடைக்கும் இடம், மாப்பிள்ளையின் தம்பி கேமராவை முறைக்கும் இடம், லைட் பையன் குறுக்கே வந்த இடம் எல்லாம் ஒரு நோட்டில் டைம்கோடோடு ஏறியிருக்கும். மிக்சிங்கில் உட்காரும்போது பாதி வேலை மனசுக்குள் முடிந்திருக்கும். கார்டு வந்த பிறகு பெயர் புரியாத எம்டிஎஸ் ஃபைல்கள் ஒரு ஃபோல்டர் நிறைய. பாட்டி எதில் அழுதார் என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். கேசட்டுக்குக் காசு போகிறது என்று கணக்குப் பார்த்து எடுத்த கேமராமேன், பந்தியில் இலை போடுவதைக்கூட நிறுத்தாமல் எடுக்க ஆரம்பித்தார்.

இரண்டுக்கும் நடுவே எச்டிவி என்று ஒன்று வந்ததே, அதைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்லமாட்டேன். அதே மினிடிவி கேசட், அதே ஒரு மணி நேரக் கேப்சர், அதோடு ஏவிசிஎச்டி போலக் கோத்துக் கோத்துப் பதியும் முறை. பழைய முறையில் டேப்பில் ஒரு புள்ளி தூசி இருந்தால் ஒரு ஃப்ரேமில் நாலு கட்டம் கெடும். எச்டிவியில் அரை நொடிப் படமே போய்விடும். தாலி கட்டும்போது அரை நொடி என்பது ஒரு முடிச்சு.

கார்டிலும் கெட்டிமேளத்தில் இடி விழும். எஸ்டிஎச்சி கார்டில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, கேமராவே துண்டாக்கிவிடும். எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டு அடுத்தடுத்து வைத்தால், ஒட்டும் இடத்தில் தவில் சத்தம் ஒரு துளி அறுந்துபோகலாம். கார்டின் முழு ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்து, சாஃப்ட்வேர் வழியாக உள்ளே கொண்டுவந்தால் துண்டுகள் சரியாகச் சேரும்.

அப்போது என்னிடம் எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டவர்களிடம், முதலில் உங்கள் கம்ப்யூட்டர் என்ன என்று திருப்பிக் கேட்பேன். பழைய கம்ப்யூட்டரோடு கார்டு கேமரா வாங்கியவரை, நல்ல டேப் கேமராவும் கேப்சரில் உட்காரப் பொறுமையான ஒரு பையனும் வைத்திருந்தவர் முந்திவிடுவார். கேமராவோடு கம்ப்யூட்டருக்கும் காசு ஒதுக்க முடிந்தால் மட்டும் கார்டு. நானும் அப்படித்தான் ஒரு சீசன் முழுக்கத் தள்ளிப்போட்டு முழுசாக மாறினேன். மாறிய பிறகும் ஃபைல்களை முழுவதும் ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதும் வழக்கத்தை விடவில்லை.

இப்போது இந்தச் சண்டைக்கே இடமில்லை. செல்போன்கூட அந்தக் கூட்டலை அலட்டாமல் போடுகிறது. ஆனால் 2005, 2006இல் கல்யாணம் ஆனவர்கள் டிவிடி ஓடவில்லை என்று வருகிறார்கள். அவர்களுடைய டேப் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அதற்காகவே ஓரமாக வைத்திருக்கிறேன். சாயங்காலமே வேண்டும் என்பவர்களிடம் மட்டும் கேசட்டை வாங்கும் முன்பே சொல்லிவிடுவேன்: ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், நாளைக்கு வாங்க.