58 வேகனும் ஒரு பிரேக் வேனும்

ஜோலார்பேட்டையில் அந்த வீட்டு மாடி ஹாலுக்குள் துண்டையோ முந்தானையையோ தொங்கவிட்டுக்கொண்டு போகக் கூடாது. ரயில் மாட்டிக்கொள்ளும்!

சுவரோரமாகச் சுற்றிலும் மரப்பலகை. அதன்மேல் 15 மீட்டர் தண்டவாளம். கூட்ஸ் கார்டாக 31 வருடம் ஓடி ஓய்வுபெற்றவர், பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியது. ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர்தான்.

மாதக் கடைசியில் இதைப் பிரித்தாக வேண்டும். மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வீட்டை விற்றுவிட்டு, சென்னையில் மகளோடு இருக்கப் போகிறார்கள். ஃபிளாட்டில் ஒரு கட்டில் போடத்தான் இடம்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை முழு ரேக்கை ஓட்டிப் பார்த்துடணும்" என்றார் பேரனிடம்.

முழு ரேக் என்றால் 58 வேகன், கடைசியில் பிரேக் வேன். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிப் போன காலத்தில் அவர் இருந்தது அந்தக் கடைசி வேனில். இன்ஜினுக்கும் அவருக்கும் நடுவே 600 மீட்டருக்கு மேல். வளைவு வந்தால்தான் இன்ஜின் கண்ணில் படும். தன் வண்டியை முழுசாக அவர் பார்த்ததே இல்லை.

மாடியில் அதே ரேக் சுமார் 7 மீட்டர் வரும். அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்த குட்டி நிலக்கரி வேகன்கள். இதுவரை 25-க்கு மேல் கோத்ததில்லை. 41 கோத்ததும், தூணுக்காக வளைவைக் குறுக்கிய மூலையில் ஆறாவது வேகன் உள்பக்கமாகச் சாய்ந்தது. பின்னாலேயே நாலைந்து விழுந்தன.

துணி காயப்போடும் கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்தால் நேராகத்தானே நிற்கப் பார்க்கும்? நீள ரயிலும் அப்படித்தான். முன்னால் இன்ஜின் இழுக்க, பின்னால் பாரம் இழுக்க, வளைவில் நடுவே இருக்கும் வேகன்கள் குறுக்கு வழி தேடும். இழுவை அதிகமாக இருப்பது முன்பக்கம். அங்கே எடை குறைந்த வேகன் இருந்தால் கவிழ்ந்துவிடும். நிஜ கூட்ஸில் அனுபவம் இருந்தால் இதெல்லாம் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். அவருக்கே மூன்று நாள் பிடிபடவில்லை.

அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்குப்படி ஒரு வேகனுக்கு 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். 12 சென்டிமீட்டர் வேகனுக்கு ஏறக்குறைய 95 வரும். இவருடையவை 60-தான் இருந்தன. தூண்டில் ஈயக் குண்டுகளை வாங்கிவந்து, அடியில் ஒட்டினார்கள். எடை பார்க்கச் சமையலறைத் தராசைத் தூக்கிவர, "முறுக்கு மாவு நிறுக்கிறதுல ஈயத்தை வைக்காதீங்க" என்று கீழிருந்து சத்தம் வந்தது. தராசு இறங்கிப்போனது. பக்கத்து நகைக்கடையில் கெஞ்சி ஒரு பழைய தராசு வாங்கினான் பேரன்.

எடை கூடியதும் ஒற்றை இன்ஜினின் சக்கரம் வழுக்கியது. இரண்டாவதைச் சேர்த்தால், வேகம் ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று தள்ளியது. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர நள்ளிரவு ஆனது.

ஞாயிறு சாயங்காலம், கன்ட்ரோலர் பேரன் கையில். தாத்தா பிரேக் வேன் பக்கம். படியேற முடியாத பாட்டி வீடியோ காலில்.

மெள்ளத் திருகினான். முதல் கொக்கி இறுகியது, அடுத்தது, அடுத்தது... 'டக் டக்' சத்தம் 58 வேகனையும் தாண்டி வந்து, கடைசியாகப் பிரேக் வேன் குலுங்கியது. அவர் தன்னையறியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

தூண் மூலையில் ஆறாவது வேகன் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனது. ஏழு, எட்டு... பேரன் சத்தமாக எண்ணினான். அவர் எண்ணவில்லை. ஹாலின் பாதியை வளைத்துக்கொண்டு நின்ற அத்தனையையும் தலையிலிருந்து வால்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வேன் மூலையைத் தாண்டியதும் அவர் கை பச்சைக்கொடி பிடித்த மாதிரி பக்கவாட்டில் நீண்டது.

"இதுல நீங்க எங்கே இருக்கீங்க?" என்றார் மனைவி, போனிலிருந்து.

கேமராவைத் திருப்பி, கடைசி வேனைக் காட்டினார்.